வக்கீல் நேசமணி எப்படி மார்ஷல் நேசமணி ஆனார்?

கேட்கப்பட்ட கேள்வி இது: "கன்னியாகுமரி மாவட்டத்தைத் தமிழ்நாட்டோடு சேர்த்தவர் நேசமணி என்று ஒரு வரியில் படித்திருக்கிறோம். அவர் தொழிலால் ஒரு வக்கீல்தானாம். நாகர்கோவில் மாதிரி ஒரு சின்ன ஊர் வக்கீலால் எப்படி ஒரு மாநில எல்லையையே மாற்ற முடிந்தது? அவருடைய வாழ்க்கையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல முடியுமா?"

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறேன். மார்ஷல் என்ற பட்டத்தைப் பார்த்து அவர் ராணுவத்தில் இருந்தவர் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். அவர் துப்பாக்கி பிடித்தவர் இல்லை. தளபதிபோல முன்னால் நின்றார் என்று மக்கள் வைத்த பெயர் அது. என்னைக் கேட்டால், அவர் அரசியல்வாதியாக மாறிய வக்கீல் என்று சொல்வதைவிட, கடைசிவரை வக்கீலாகவே இருந்து அரசியல் செய்தவர் என்பதுதான் சரி. அவருடைய அரசியலின் வேர் நாகர்கோவில் கோர்ட்டில் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

அந்த வேரை நான் புரிந்துகொண்டது ஒரு கேஸ் கட்டில்தான். நான் தொழிலுக்கு வந்த புதிதில், விளவங்கோடு பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் பாகப்பிரிவினை வழக்கு ஒன்றுக்காக ஒரு பழைய ஆதாரத்தை, அதாவது நிலப் பத்திரத்தை, கொண்டுவந்தார். துணிப்பையில் சுருட்டி வைத்திருந்தார். மடித்த இடமெல்லாம் கிழிந்து, திருவிதாங்கூர் சங்கு முத்திரை மட்டும் தெளிவாக இருந்தது. ஆண்டு 1118 என்று போட்டிருந்தது. அது கொல்லம் ஆண்டு, இங்கிலீஷ் கணக்கில் 1942-43. உள்ளே முழுக்க மலையாளம். "சாரே, இதுல எழுதியிருக்கது ஒண்ணும் எனக்குத் தெரியாது. கீழ இருக்க கைநாட்டு எங்க அப்பனோடதுன்னு மட்டும் தெரியும்" என்றார். அந்த அப்பாவுக்கும் மலையாளம் வாசிக்கத் தெரியாது. தன் பரம்பரை நிலத்துக்கான பத்திரத்தை, தனக்கு வாசிக்கத் தெரியாத மொழியில், இன்னொருவர் படித்துச் சொன்னதை நம்பிக் கைநாட்டு வைத்திருக்கிறார். இன்றைக்கும் குமரி மாவட்டத்தில் பழைய ஆதாரம் என்றால் மலையாளம் வாசிக்கத் தெரிந்த எழுத்தரைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. இப்படிப்பட்ட காகிதங்களோடு தன் அறை வாசலில் வந்து நின்றவர்களைத்தான் நேசமணி 1921 முதல் தினமும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் பிறந்தது 1895 ஜூன் 12, பள்ளியாடியில். அன்று அது திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் தெற்குக் கோடி. தமிழ் பேசும் மக்கள் பெருவாரியாக வாழ்ந்த தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய 4 வட்டங்களும் திருவனந்தபுரத்து அரசரின் ஆட்சியில் இருந்தன. இந்த மண்ணின் சாதி நிலவரத்தைச் சொல்லாமல் அவர் கதையைச் சொல்ல முடியாது. நாடார் பெண்கள் தோளில் சீலை போடும் உரிமைக்காகப் பல ஆண்டுகள் போராடி, 1859ல்தான் அரசாணை வந்தது. நேசமணி பிறப்பதற்கு வெறும் 36 ஆண்டுகளுக்கு முன்பு. அதாவது அவருடைய பாட்டி தலைமுறைக்கு அது நேரில் கண்ட சங்கதி. கோயில் நுழைவுப் பிரகடனம் 1936ல் வந்தபோது அவருக்கு வயது 41. லண்டன் மிஷன் பள்ளிகள் வந்ததால் நாடார் கிறிஸ்தவக் குடும்பங்களில் படிப்பு நுழைந்திருந்தது. அந்த வழியில் நாகர்கோவிலிலும் திருவனந்தபுரத்திலும் படித்து, சட்டம் முடித்து, 1921ல் நாகர்கோவில் கோர்ட்டில் வக்கீலாக அமர்ந்தார்.

அமர்ந்தார் என்று எழுதும்போதே அந்த முக்காலி விஷயம் வந்துவிடுகிறது. மேல்சாதி வக்கீல்களுக்குச் சாய்வுள்ள நாற்காலி, மற்ற சாதி வக்கீல்களுக்குச் சாய்வில்லாத முக்காலி. கோர்ட்டில் அதுதான் வழக்கம். குடிதண்ணீர்ப் பானையும் தனித்தனி. படிப்பு ஒன்று, சன்னது என்ற தொழில் உரிமம் ஒன்று, அங்கி ஒன்று, உட்காரும் இடம் மட்டும் வேறு. நேசமணி அந்த முக்காலியைத் தூக்கியெறிந்துவிட்டு நாற்காலியில்தான் உட்காருவேன் என்று நின்றார். ஊரில் இதைப் பலவிதமாகச் சொல்வார்கள். காலால் உதைத்தார் என்பார்கள், மறுநாள் வீட்டிலிருந்து நாற்காலி கொண்டுவந்தார் என்பார்கள், பானையை உடைத்தார் என்பார்கள். எந்த விதமாகச் சொன்னாலும் முடிவு ஒன்றுதான்: அந்தப் பாகுபாடு அதன்பின் அங்கே நிற்கவில்லை. எனக்கு இதில் பிடித்தது கோபம் மட்டும் இல்லை. அந்த முக்காலியில் அவருக்கு முன்னால் எத்தனையோ பேர் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களும் அறிவாளிகள்தான். தொழில் கெட்டுப்போகும், கேஸ் தோற்றுப்போகும், வீட்டில் அடுப்பு எரிய வேண்டும் என்று பொறுத்துக்கொண்டார்கள். புதிதாக வந்த ஒரு வக்கீல், கட்சிக்காரர் யாரும் இன்னும் தேடி வராத நிலையில் அதைச் செய்தார் என்பதுதான் பெரிய விஷயம்.

அப்புறம் கட்சிக்காரர்கள் தேடி வந்தார்கள். கிரிமினல் வழக்குகளில் அவருக்குப் பெரிய பெயர் கிடைத்தது. சிற்றூர் வக்கீல் தொழிலைப் பற்றி வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். பட்டணத்தில் வக்கீலிடம் வழக்கு வரும். சிற்றூரில் ஊரே வரும். பனையேறியும் விவசாயியும், நிலக்கரம் (நிலவரி) கட்டாமல் ஜப்தி நோட்டீஸ் வாங்கியவரும், அடிதடியில் மகன் பிடிபட்ட தாயும் காலை 7 மணிக்கே திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள். பாதிப் பேரிடம் பீஸ் கொடுக்கக் காசு இருக்காது. அடுத்த வாய்தாவுக்கு வரும்போது வாழைக்குலையோ கருப்பட்டியோ கொண்டுவருவார்கள். ஒரு வக்கீல் 20 வருஷம் இந்தத் திண்ணையை நடத்தினால், எந்த ஊரில் எந்த அதிகாரி என்ன செய்கிறார், எந்தச் சட்டம் யாரை நசுக்குகிறது என்பதை எந்தக் கட்சித் தலைவரையும்விட நன்றாகத் தெரிந்து வைத்திருப்பார். நேசமணிக்கு ஓட்டு கேட்டுப் போகத் தனியாக அறிமுகம் தேவைப்படவில்லை என்றால் காரணம் இதுதான். விளவங்கோட்டிலும் கல்குளத்திலும் அவர் வழக்கு நடத்தாத ஊர் குறைவு.

1943ல் அவர் ஸ்ரீமூலம் சட்டசபைக்குள் போனார். அது மன்னராட்சியின் கீழ் இயங்கிய சபை. ஓட்டுரிமை எல்லோருக்கும் கிடையாது. உண்மையான அதிகாரம் மன்னரின் முதன்மை அமைச்சரான திவான் சர் சி.பி.ராமசாமி அய்யர் கையில் இருந்தது. சபையில் பேசலாம், கேள்வி கேட்கலாம், அவ்வளவுதான். இந்தக் காலத்தை நான் வேகமாகக் கடந்துபோகிறேன், ஏனென்றால் அவருடைய முக்கியமான வேலை 1947க்கு அப்புறம்தான் தொடங்குகிறது.

1945ன் கடைசியில் சாம் நத்தானியேல் முதலானவர்கள் தெற்குத் திருவிதாங்கூர் தமிழர்களுக்காக ஓர் அமைப்பைத் தொடங்கியிருந்தார்கள். அதுதான் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் ஆனது. நேசமணி முதல் நாளிலிருந்தே அதில் இருந்தவர் இல்லை. 1947ல்தான் சேர்ந்தார். சேர்ந்தபின் இயக்கத்தின் வடிவமே மாறிவிட்டது. அதுவரை படித்தவர்கள் கூடிப் பேசும் சபையாக இருந்தது, கிராமங்களுக்குள் இறங்கியது. 1948 பிப்ரவரியில் திருவிதாங்கூரில் வயதுவந்த எல்லோருக்கும் ஓட்டுரிமையோடு தேர்தல் நடந்தது. இந்தியா முழுவதும் அந்த உரிமையோடு முதல் பொதுத்தேர்தல் நடந்தது 1951-52ல்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். தமிழ்ப் பகுதிகளில் இருந்த 18 இடங்களில் 14ஐ திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் பிடித்தது. கைநாட்டு வைத்துக்கொண்டிருந்தவர்கள் முதல்முறையாக ஓட்டுப் போட்டு வந்த முடிவு அது. அந்தத் தேர்தலை ஒட்டி நடந்த துப்பாக்கிச்சூட்டில் மங்காடு தேவசகாயமும் கீழ்க்குளம் செல்லையாவும் இறந்தார்கள். ஆக, இந்தப் போராட்டத்தில் ரத்தம் சிந்தியது, பின்னால் சொல்லப்போகும் 1954ல் மட்டும் இல்லை.

1949 ஜூலை 1ல் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகித் திரு-கொச்சி மாநிலம் வந்தது. உயர்நீதிமன்றம் எர்ணாகுளத்துக்குப் போனது. நாகர்கோவில்காரனுக்கு அப்பீல் போட முன்பு திருவனந்தபுரம் போதும், இப்போது இன்னும் வடக்கே போக வேண்டும். தமிழ் பேசுபவர்கள் சிறுபான்மையாக இருந்த மாநிலம் இன்னும் பெரிதாகி, அவர்கள் இன்னும் சிறியவர்களாகிவிட்டார்கள். 1951-52 தேர்தலில் நாகர்கோவில் தொகுதியிலிருந்து நேசமணி மக்களவைக்குப் போனார். டெல்லிக்குப் போனது நல்லதாகவே அமைந்தது. எல்லையை மாற்றும் அதிகாரம் திருவனந்தபுரத்தில் இல்லை, அரசியல் சட்டம் 3ஆம் பிரிவின்படி அது நாடாளுமன்றத்தின் கையில் இருக்கிறது. எந்தக் கோர்ட்டில் வழக்குப் போட வேண்டும் என்று தெரிந்தவர்தான் நல்ல வக்கீல்.

1954 தேர்தல் முடிவைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். திரு-கொச்சியில் 117 இடங்கள். காங்கிரசுக்கு 45, கம்யூனிஸ்ட் கட்சிக்கு 23, பிரஜா சோஷலிஸ்டுக்கு 19, திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசுக்கு 12. யாருக்கும் பெரும்பான்மை இல்லை. பிரஜா சோஷலிஸ்டின் 19 பேரை மட்டும் வைத்துக்கொண்டு, காங்கிரஸ் வெளியிலிருந்து ஆதரிக்க, பட்டம் தாணுபிள்ளை முதலமைச்சரானார். இந்தக் கணக்கில் அந்த 12 பேர் எவ்வளவு கனமானவர்கள் என்று பாருங்கள். பட்டம் அரசு தமிழர் போராட்டத்தை அடக்கத்தான் பார்த்தது. தேவிகுளம், பீர்மேடு மலைப்பகுதிகளின் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் மீது நடந்த கெடுபிடிகளைக் கண்டித்து, 1954 ஜூலையில் நேசமணி தடையை மீறி மூணாறுக்குப் போனார். மாநிலங்களவை உறுப்பினர் அப்துல் ரசாக்கும் உடன் போனார். அங்கே கைது செய்யப்பட்டார்கள். கைதுச் செய்தி தெற்கே வந்ததும் ஊர் ஊராகக் கொதித்தது.

ஆகஸ்ட் 11ஐ விடுதலை நாளாகக் கொண்டாடுவது என்று இயக்கம் முடிவு செய்தது. கடையடைப்பு, ஊர்வலம். மார்த்தாண்டத்திலும், அந்நாளில் தொடுவெட்டி என்று அழைத்த அதன் சந்தைப் பக்கத்திலும், புதுக்கடையிலும் கூட்டம் கூடியது. போலீஸ் சுட்டது. பலர் உயிரிழந்தார்கள். இறந்தவர்கள் தலைவர்கள் இல்லை, அன்றாடம் உழைத்துச் சாப்பிட்டவர்கள். ஒரு சோஷலிஸ்ட் அரசு மக்களைச் சுடுவதா என்று கேட்டு, அந்தக் கட்சியின் பொதுச்செயலாளராக இருந்த ராம் மனோகர் லோகியா தன் கட்சி முதலமைச்சரையே பதவி விலகச் சொன்னார். பட்டம் விலகவில்லை. அந்தச் சண்டை கட்சியையே பிளக்கும் அளவுக்குப் போனது. 1955 பிப்ரவரியில் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் பட்டம் அமைச்சரவை கவிழ்ந்தது. நாகர்கோவில் பக்கத்துப் பிரச்சினை ஒன்று, அகில இந்தியக் கட்சி ஒன்றின் மனசாட்சிக் கேள்வியாக மாறியது இப்படித்தான். இந்தப் பகுதியை எப்போது வாசித்தாலும் எனக்கு மனம் கனத்துப்போகும். மார்த்தாண்டம் சந்திப்பில் பஸ்ஸுக்கு நிற்கும்போது அந்த நாளை நினைக்காமல் இருக்க முடிவதில்லை.

இதற்கிடையில் மத்திய அரசு 1953 டிசம்பரில் மாநில மறுசீரமைப்புக் குழுவை அமைத்திருந்தது. தலைவர் பசல் அலி, உறுப்பினர்கள் குன்ஸ்ரு, கே.எம்.பணிக்கர். இங்கேதான் வக்கீல் நேசமணி முழுசாக வெளிப்படுகிறார். குழு முன்பு உணர்ச்சிப் பேச்சு எடுபடாது. மக்கள்தொகைக் கணக்கு, வட்டவாரியாகத் தாய்மொழி விவரம், தேர்தல் முடிவுகள் இவைதான் சாட்சி. 1948, 1952, 1954 என்று மூன்று தேர்தல்களிலும் தெற்கு வட்டங்களின் மக்கள் திரும்பத் திரும்ப ஒரே கட்சிக்குப் பெருவாரியாக வாக்களித்திருந்தார்கள். அதைவிட நல்ல ஆவணம் வேறு என்ன வேண்டும்? தமிழரசுக் கழகத் தலைவர் ம.பொ.சி. போன்றவர்கள் சென்னைப் பக்கமிருந்து குரல் கொடுத்தார்கள். ஆனால் வழக்கை உள்ளிருந்து கட்டியது நேசமணியும் அவர் இயக்கமும்தான்.

அவர்கள் கேட்டது 9 வட்டங்கள்: தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, நெய்யாற்றின்கரை, செங்கோட்டை, தேவிகுளம், பீர்மேடு, சித்தூர். 1955 செப்டம்பர் 30ல் குழு அறிக்கை கொடுத்தது. தெற்கு 4 வட்டங்களையும் செங்கோட்டையையும் சென்னை மாநிலத்துக்குப் பரிந்துரைத்தது. தேவிகுளமும் பீர்மேடும் கிடையாது. தோட்டத் தொழிலாளர்கள் பிழைப்புக்காக வந்து குடியேறியவர்கள், அவர்கள் எண்ணிக்கையை வைத்து அந்த மலைப்பகுதியின் உரிமையைத் தீர்மானிக்க முடியாது என்பது குழுவின் வாதங்களில் ஒன்று. எனக்கு இந்த வாதம் இன்றும் ஏற்புடையதாக இல்லை. தலைமுறையாக அட்டைக்கடியிலும் குளிரிலும் அந்த மலையைத் தோட்டமாக்கியவர்கள் வந்தேறிகள் என்றால், அந்தத் தோட்டங்கள் யாருடையவை? மூணாறுக்குப் போய்க் கைதானவர் என்ற முறையில் நேசமணிக்கு இது சொந்தத் தோல்வியாகவே இருந்திருக்கும்.

1956 நவம்பர் 1ல் 4 வட்டங்களும் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் பிறந்தது. செங்கோட்டை வட்டத்தின் ஒரு பகுதி திருநெல்வேலியோடு சேர்ந்தது.

இங்கே ஒரு விமர்சனத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். நேசமணியின் இயக்கத்துக்கு மேற்கே கல்குளம், விளவங்கோடு பகுதிகளில் நாடார் சமுதாயத்திடம் இருந்த வலு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கத்து நாஞ்சில் நாட்டில் எல்லாச் சமூகங்களிடமும் ஒரே அளவில் இருக்கவில்லை. ஆகவே இது மொழிப் போராட்டமா சாதிப் போராட்டமா என்று கேட்பவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். இரண்டும்தான் என்பது என் பதில். முக்காலியில் உட்காரச் சொன்ன அதிகாரமும், புரியாத மொழியில் பத்திரம் எழுதிக் கொடுத்த அதிகாரமும் அந்த மக்களுக்கு ஒன்றாகவே தெரிந்தன. அவர்களுக்கு அதைப் பிரித்துப் பார்க்க அவசியம் இருக்கவில்லை.

இணைப்பால் இழந்ததும் உண்டு. நெய்யாற்றின்கரை அந்தப் பக்கம் போனதால் நெய்யாறு இடதுகரைக் கால்வாய்த் தண்ணீருக்கு விளவங்கோட்டு விவசாயி கேரளத்தை எதிர்பார்க்க வேண்டியதாயிற்று. பீர்மேடு போனதால் முல்லைப்பெரியாறு அணை கேரள மண்ணில் நிற்கிறது, அந்தத் தகராறு நீங்கள் அறிந்ததே. உயர்நீதிமன்றம் 700 கிலோமீட்டர் தள்ளிச் சென்னையில். ஒரு ரிட் மனு போட இரவு முழுக்க ரயிலில் போக வேண்டும். 2004 ஜூலையில் மதுரைக் கிளை வந்த பிறகுதான் எங்கள் ஊர்க் கட்சிக்காரருக்கு மூச்சு வந்தது. இருந்தும், பட்டாவும் நோட்டீசும் தீர்ப்பும் தன் மொழியில் வருவதை இதோடெல்லாம் தராசில் வைத்தால், அந்த மொழிப் பக்கம்தான் தாழும் என்பேன்.

இணைப்புக்குப் பின் இயக்கம் தேசிய காங்கிரசோடு கலந்தது. 1957ல் கிள்ளியூர் தொகுதியிலிருந்து நேசமணி சென்னை சட்டமன்றத்துக்குப் போனார். காமராஜர் அமைச்சரவையில் குமரிக்கு ஓர் இடம் கிடைத்தது, அது கொளச்சல் உறுப்பினர் லூர்தம்மாள் சைமனுக்கு. நேசமணி கடைசிவரை சென்னை மாநிலத்தில் அமைச்சராகவே இல்லை. ஒரு மாவட்டத்தையே கொண்டுவந்து சேர்த்தவருக்கு இது நியாயமா என்று இன்றும் ஆதங்கப்படுகிறவர்கள் ஊரில் உண்டு. எனக்கும் அந்த ஆதங்கம் உண்டு. ஆனால் மீனவ சமுதாயத்திலிருந்து ஒரு பெண் அமைச்சரானதும் அதே மாவட்டத்துக்குப் பெருமைதான்.

1962ல் மறுபடியும் நாகர்கோவிலிலிருந்து மக்களவை. 1967ல் நடந்ததை மறக்கக் கூடாது. தமிழகம் முழுக்க தி.மு.க. அலை. மக்களவைக்கு 39 இடங்களில் காங்கிரஸ் ஜெயித்தது வெறும் 3. விருதுநகரில் சட்டமன்றத்துக்கு நின்ற காமராஜரே தோற்றார். அந்த 3ல் ஒன்று நாகர்கோவில், ஜெயித்தவர் 71 வயது நேசமணி. மாநிலமே ஒரு பக்கம் சாய்ந்தபோது அந்தத் திண்ணைக்காரர்கள் தங்கள் வக்கீலைக் கைவிடவில்லை.

1968 ஜூன் 1ல், உறுப்பினராக இருக்கும்போதே அவர் இறந்தார். நாகர்கோவிலில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது, மார்த்தாண்டத்தில் அவர் பெயரில் கல்லூரி இருக்கிறது, ஒரு காலத்தில் எங்கள் மாவட்டத்து அரசு பஸ்களில் நேசமணி போக்குவரத்துக் கழகம் என்றே எழுதியிருக்கும். அவர் விட்டுப்போன நாகர்கோவில் இடத்துக்கு 1969 ஜனவரியில் இடைத்தேர்தல் வந்தது. சொந்த ஊரில் தோற்றிருந்த காமராஜர் அங்கே வந்து நின்றார். நேசமணியின் மக்கள் அவரை ஜெயிக்க வைத்து டெல்லிக்கு அனுப்பினார்கள்.